தேருக்கு முன்னால் இரண்டு முட்டிகள்

சண்முகவடிவுக்குக் கோபம் வந்தால் முதலில் கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிவாள். வாய் அதற்குப் பிறகுதான் திறக்கும். தேர்த் திருவிழா அன்று காலை, மகன் பிரதாப் அவளுடைய சேலைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெரிய பையொன்றில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கொண்டையை இழுத்து இழுத்து முடிந்துகொண்டிருந்தாள். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் அதைப் பார்த்திருந்தால் பேசாமல் தங்கள் கதவைச் சாத்தியிருப்பார்கள்.

“அந்த நீலச் சேலைய வெளிய எடு. இன்னிக்கு அதத்தான் கட்டப்போறேன்.”

“கட்டிக்கம்மா. தேர் கீழ ரோட்டுக்கு வந்து சேந்ததும் அப்பிடியே வேன்ல ஏறிக்கலாம். பைய நான் இப்பவே கொண்டுபோய் வேன்ல வச்சிர்றேன்.”

“நான் வர்றேன்னு ஒங்கிட்ட சொன்னேனா?”

பிரதாப் அடுத்த சேலையை மடித்தான். கொழும்பில் இரும்புச் சாமான் கடையொன்றில் வேலை செய்கிறவன். ஒரே பிள்ளை. கெட்டவன் இல்லை. வடிவுக்கு அதுதான் தொல்லையாகப் போயிற்று. கெட்டவனாக இருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டு அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டிருப்பாள். பாசத்தோடு வந்து பெட்டி கட்டுகிறவனை என்ன செய்வது?

அவன் பயந்ததற்கும் காரணம் இருந்தது. போன மழைக்காலத்தில் வடிவு கடைக்குப் போகிற குறுக்குப்பாதையில் இறங்கும்போது வலது முட்டி திடீரென்று மடங்கிக்கொண்டது. தேயிலைச் செடிகள் தாங்கிப் பிடித்திராவிட்டால் கீழே தண்ணீர் ஓடுகிற கான் வரைக்கும் உருண்டு போயிருப்பாள். சத்தம் போட்டும் யாருக்கும் கேட்கவில்லை. கொழுந்தெடுத்துவிட்டு வந்த பெண்கள் கண்டு தூக்கி வரும்வரை செடிக்குள்ளேயே நனைந்துகொண்டு கிடந்தாள். செய்தி கேட்ட நாளிலிருந்து மகன் தொலைபேசியில் ஒரே பல்லவிதான் பாடினான். நீ அங்கே தனியாக இருந்தது போதும், இங்கே வந்துவிடு.

முட்டி இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. அதில் ஒளிவுமறைவு இல்லை. காலையில் எழுந்ததும் இரண்டு காலும் தன்னுடையவை இல்லை என்பதுபோல மரத்துப்போய்க் கிடக்கும். சுவரைப் பிடித்து நின்று, கொஞ்ச நேரம் அங்குமிங்கும் நடந்தால்தான் இளகிக் கொடுக்கும். உட்கார்ந்து எழுந்தால் உள்ளே நறநறவென்று சத்தம். கால்கள் வெளிப்பக்கமாக வளைந்து, நேராக நின்றாலும் முட்டிக்கு முட்டி ஒட்டுவதில்லை. வாழ்நாளெல்லாம் முதுகில் கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டு, செங்குத்தான மலையில் ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயுமாக நின்று வேலை செய்தவளுக்கு, முட்டி புதிதாகவா இருக்கும்? அக்கரப்பத்தனைப் பக்கத்து லயங்களில் அவள் வயதுப் பெண்களில் முட்டி நோகாதவளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஏற்றம் அவளுக்குப் பெரிய பாடு இல்லை. மூச்சு வாங்கும், வலிக்கும், ஆனாலும் ஏறிவிடுவாள். இறக்கம்தான் எமன். ஒவ்வோர் அடிக்கும் உடம்பின் கனம் முழுவதும் முட்டியில் வந்து விழும். வடிவின் காம்பராவோ மேல் லயத்தில். கடை, பஸ், மருந்து, சந்தை எல்லாம் கீழே. ஆக, இறங்க முடியாதவளுக்கு அந்த மலையில் இடமில்லை என்பது மகனுடைய கட்சி.

கொழும்பு வீட்டையும் அவள் பார்க்காமல் இல்லை. விழுந்த பிறகு கொஞ்ச காலம் அங்கேதான் கொண்டுபோய் வைத்திருந்தான். மாடிமேல் மாடியாக எழும்பிய கட்டடத்தில் ஒரு வீடு. ஏறி இறங்க லிப்ட் இருந்தது. மருமகள் லோஜினி தங்கமான பெண். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க விடமாட்டாள். “நீங்க இருங்க மாமி, நான் எடுத்தாறேன்” என்பாள். எல்லோரும் வேலைக்குப் போன பிறகு பூட்டிய கதவுக்குள் டீவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வடிவின் வேலை. உட்கார்ந்து உட்கார்ந்து தொடை சூம்பிப்போயிற்று. மலையில் இருந்தபோது வலியோடு நடந்த கால், அங்கே நடக்கவே மறந்துவிட்டது. கக்கூசுக்குப் போகக்கூட மருமகளின் தோள் வேண்டியிருந்த அன்று, வடிவு கொண்டையை அவிழ்த்து முடிந்து, என்னை ஊரில் கொண்டுபோய் விடு என்றாள். விட்டுவிட்டுப் போனவன்தான், இப்போது திரும்பவும் பையோடு நிற்கிறான்.

ஆனால் நடுவில் நடந்தது அவனுக்குத் தெரியாது.

ஊருக்கு வந்ததும் வடிவு நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற ஜெயந்தினி மிஸ்தான் உண்மையைச் சொன்னார். தேய்ந்தது திரும்ப வளராது, ஆனால் தொடைச் சதை பலமாக இருந்தால் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். நடக்காமல் உட்கார்ந்துவிட்டால் அந்தச் சதையும் போய்விடும் என்றார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி நீட்டிப் பிடிக்கச் சொன்னார். வடிவு வீட்டுக்கு வந்து அதைச் செய்தாள். கொஞ்சம் பழகியதும் கணுக்காலில் உப்புப் பாக்கெட்டைத் துணியால் கட்டிக்கொண்டு செய்தாள். பக்கத்துக் காம்பரா வீரம்மா எட்டிப்பார்த்து, “என்ன வடிவு, காலுக்கு உப்புப் போட்டு ஊறுகாயா பண்ற?” என்று கேட்டுச் சிரித்தாள். வீரம்மாவின் முட்டிகள் இன்னும் மோசம். அவள் கோயிலுக்குக்கூட வருவதில்லை.

இறங்குகிற வழியைக் காட்டியது வேறொரு சம்பவம். ஒரு வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் வடிவு அம்மனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஏன் இப்படி ஒரு முட்டியைக் கொடுத்தாய் என்று ஆரம்பித்த வழக்கு, புருஷனைச் சீக்கிரம் கூட்டிக்கொண்டது வரை போயிற்று. பூசாரி நடை சாத்த வந்துவிட்டார். வழக்கு முடியாததால் வடிவு பேசிக்கொண்டே, அம்மனுக்கு முதுகு காட்டாமல் எல்லோரும் செய்வதுபோலப் பின்பக்கமாக நகர்ந்து வந்தாள். வாசலைத் தாண்டியும் ஆத்திரம் அடங்கவில்லை. அப்படியே கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி படிகளில் பின்பக்கமாக இறங்கிவிட்டாள். தரைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. வலிக்கவில்லை.

மறுபடி ஏறினாள், மறுபடி பின்பக்கமாக இறங்கினாள். பூசாரி கையில் சாவியோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

அடுத்த முறை ஜெயந்தினி மிஸ்ஸிடம் கேட்டபோது அவர் சிரித்துவிட்டு, செய்யலாம் அம்மா, சில பேருக்கு அது நல்லதுதான் என்றார். ஆனால் கையில் பிடிமானம் இருக்க வேண்டும், பின்னால் பார்த்துப் பார்த்துக் கால் வைக்க வேண்டும், பாதை ஈரமாக இருந்தால் கூடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். மகன் வாங்கித் தந்து, கோழி விரட்டவே பயன்பட்டுக்கொண்டிருந்த அலுமினியத் தடிக்கு அன்று வேலை வந்தது. வடிவு அதைப் பின்னால் நீட்டித் தரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு, மலையைப் பார்த்தபடி கடைக்கு இறங்கத் தொடங்கினாள்.

தோட்டம் சும்மா விடுமா? ஆட்டோக்கார வினோஜன் முதல் நாளே ‘ரிவர்ஸ் வடிவு’ என்று பெயர் வைத்துவிட்டான். அவள் வரும்போது ஆட்டோ பின்னால் போகும்போது அடிக்கிற மாதிரி வாயாலேயே பீப் பீப் என்று சத்தம் எழுப்புவான். சின்னப்பிள்ளைகள் அவள் பின்னால் வரிசையாகப் பின்பக்கமாக நடந்து காட்டின. வடிவு யாரையும் விடவில்லை. வினோஜனின் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டிக்கொண்டே இறங்கினாள். இறங்குவதை மட்டும் நிறுத்தவில்லை.

இப்போது மகன் பையின் வாயை இழுத்து மூடினான். வடிவின் கொண்டையும் முடிந்தாகிவிட்டது.

“இங்க பாரு பிரதாப். இன்னிக்குத் தேரோட நான் கோயில்லேருந்து கீழ ரோட்டுப் புள்ளையார் வரைக்கும் எறங்குறேன். எங்கயும் உட்கார மாட்டேன். ஒருத்தர் கையையும் புடிக்க மாட்டேன். எறங்கிட்டா, நீ அந்தப் பையத் தூக்கிட்டு வந்து இங்கயே வைக்கணும்.”

“எறங்க முடியலன்னா?”

“வாயத் தொறக்காம வேன்ல ஏறிக்கிறேன். அப்பறம் நீ சொல்ற எடத்துல உட்காந்து நீ போடுற டீவியப் பாக்குறேன்.”

பிரதாப் அந்தப் பாதையை நினைத்துப் பார்த்தான். கோயிலிலிருந்து பங்களா வளைவு வரை சுமாரான சரிவு. வளைவுக்குக் கீழே, வயசுப்பிள்ளைகளே நிதானமாக இறங்குகிற கொங்கிறீட் பாதை. அம்மா வளைவிலேயே உட்கார்ந்துவிடுவாள் என்று அவனுக்கு நிச்சயம். சரி என்றான். பையைத் தூக்கிக்கொண்டு வேனுக்குப் போனான்.

மத்தியானத்துக்குப் பிறகு தேர் புறப்பட்டது. தப்பு மேளச் சத்தம் மலையில் மோதித் திரும்பியது. வெயில் நன்றாக அடித்ததால் பாதை காய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் வடிவுக்குப் பாதி பாரம் குறைந்தது. ஆண்கள் சிலர் முன்வடத்தைப் பிடிக்க, சரிவில் தேர் ஓடிவிடாமல் இழுத்துப் பிடிக்கப் பின்வடத்தில் பெரும்படையே நின்றது. முன்வடத்துக்கு முன்னால் பெண்கள். அவர்களுக்கும் முன்னால், நீலச் சேலையும் தடியுமாக வடிவு. பிரதாப் பாதையோரமாகவே வந்தான். எந்நேரமும் ஓடிவந்து தாங்கத் தயாராக இருந்தான்.

வளைவு வரை அவள் மற்றவர்களைப் போலவே முன்னால் பார்த்து நடந்தாள். வலித்தது. முகத்தில் காட்டவில்லை. வளைவில் பாதை செங்குத்தாகக் கீழே விழுகிற இடத்தில் நின்றாள். பிரதாப் இரண்டு எட்டு முன்னால் வந்தான். வடிவு அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தடியைப் பின்னால் நீட்டி, அப்படியே திரும்பிக்கொண்டாள்.

திரும்பினால் எதிரே அம்மன். பூவும் பட்டும் வேப்பிலையுமாகத் தேரில் உட்கார்ந்து நேராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வடிவு வலது காலைப் பின்னால் வைத்தாள். பிறகு இடது கால். தடி, கால், கால். கடைக்குப் போவதுபோலத்தான் இறங்கினாள்.

பார்த்த கூட்டத்துக்கு அது கடைக்குப் போவதாகத் தெரியவில்லை. முதலில் ஒரு பெண் குலவையிட்டாள். தொடர்ந்து பல குலவைகள். “ஆத்தாவுக்கு முதுகு காட்டாம வர்றாங்கடி” என்று ஒருத்தி சொல்ல, “அப்ப இத்தன நாளா அந்த அக்கா பின்னால பின்னால நடந்தது இதுக்குத்தானா? வேண்டுதலா?” என்று இன்னொருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சேதி தேருக்குப் பின்னால் போய்ச் சேர்வதற்குள், வடிவு மாதக்கணக்கில் விரதம் இருந்ததாகவே முடிவாகிவிட்டது. வினோஜன் ஓடிவந்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

“பெரியம்மா, மன்னிச்சிருங்க பெரியம்மா. தெரியாம பீப் பீப்னு கத்திட்டேன்.”

“எந்திரிச்சுத் தள்ளிப் போடா. தடிய எங்க ஊனுறது?”

அதுவும் அருள்வாக்காகிவிட்டது. கோயில் கமிட்டித் தலைவர் மாயாண்டி மைக்கை வாங்கி, “நமது அம்பாளின் பக்தை சண்முகவடிவு அம்மா அவர்கள் நேர்த்திக்கடன் செலுத்தி வருகிறார்கள், பக்தகோடிகள் வழிவிடவும்” என்று அறிவித்தார். யாரோ வேப்பிலை மாலையைக் கழுத்தில் போட்டார்கள். ஒரு பெண் குடத்தோடு வந்து, வடிவு வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டுவதற்குள், மஞ்சள் தண்ணீரை அவள் கால்களில் தாராளமாக ஊற்றினாள். பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் குடங்களோடு கிளம்பினார்கள்.

தண்ணீர் அவள் காலடியிலிருந்து கீழே ஓடி, அவள் கால் வைக்கப் போகிற பாதையையெல்லாம் நனைத்தது. வடிவு காலை எடுத்துப் பின்னால் வைத்தாள். குதிகால் வழுக்கியது. உடம்பு ஒரு பக்கமாகப் போயிற்று. தடியை அழுத்தி ஊன்றி, தொடையை இறுக்கி, எப்படியோ நின்றுவிட்டாள். வலது முட்டிக்குள் கத்தியைச் செருகியதுபோல இருந்தது. கூட்டம் அதையும் சாமியாட்டம் என்று நினைத்து இன்னும் பலமாகக் குலவையிட்டது.

பிரதாப் முன்னால் வந்து நின்றான். கண்ணில் தண்ணீர். கையைக் கூப்பியிருந்தான்.

“அம்மா, எனக்குத் தெரியாமப் போச்சும்மா. ஆத்தாவே ஓம் மேல எறங்கியிருக்கா. நீ இங்கயே இரும்மா. நான் இனிமே கூப்பிடவே மாட்டேன். அவ பாத்துக்குவா ஒன்ன.”

ஜெயித்தாயிற்று. வாயை மூடிக்கொண்டு இரண்டு சுற்று ஆடிக் காட்டினால் போதும். பையும் திரும்ப வந்துவிடும், வினோஜனும் சாகும்வரை வாயைத் திறக்க மாட்டான். வடிவுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் ஆத்திரம் பொங்கி வந்தது. உப்புப் பாக்கெட்டைக் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்துக் காலை நீட்டியவள் அவள். விழுந்து, நனைந்து, கேலி கேட்டு, திட்டி, தடியால் தட்டித் தட்டி இறங்கப் பழகியவள் அவள். அந்தப் பாட்டையெல்லாம் தூக்கி இன்னொருத்தி கணக்கில் வைப்பதா? அவள் அம்மனாகவே இருந்தாலும் வடிவால் பொறுக்க முடியவில்லை. அதோடு, அருள் வந்தவள் என்று இன்று விட்டுவிட்டுப் போகிறவன், அருள் போய்விட்டது என்று நாளைக்குப் பையோடு வருவான்.

கொண்டையை அவிழ்த்தாள். கூட்டம் அருள் முற்றிவிட்டது என்று பின்வாங்கியது. அவள் நிதானமாக மறுபடி முடிந்துகொண்டு, மாயாண்டியின் கையிலிருந்த மைக்கைப் பக்கமாக இழுத்தாள்.

“நிறுத்துங்க மேளத்த.”

தப்பு நின்றது.

“என் மேல எந்த ஆத்தாவும் எறங்கல. எறங்குனது முட்டித் தேய்மானம். முன்னால பாத்து எறங்குனா வலி உசுரு போகுது, பின்னால எறங்குனா தாங்குது. அதான் நடக்குறேன். இது வேண்டுதலும் இல்ல, வெரதமும் இல்ல. இனிமே ஒருத்தி தண்ணிய ஊத்துனா குடத்த ஒடைச்சுப் போடுவேன். வழுக்கி விழுந்தா நீயா என்னயத் தூக்கிட்டுப் போவ?”

மலை முழுக்க ஒலிபெருக்கியில் அது கேட்டது. மாயாண்டிக்கு முகம் கறுத்துவிட்டது.

“வடிவு, சாமி முன்னால இப்பிடியா பேசுறது? ஆத்தா கோவிச்சுக்குவா.”

“ஏன் கோவிக்கிறா? அவ தேர்ல உட்காந்து வர்றா. நடக்குறவ நான்.”

பின்வடத்துக்காரர்கள் கனத்த தேரை இழுத்துப் பிடித்தபடி, எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் நின்றார்கள். வடிவு மைக்கை விட்டுவிட்டு மகனைப் பார்த்தாள்.

“பந்தயம் பந்தயம்தான். சாமி எறக்கிவிட்டான்னு சொல்லாத. நான் எறங்குறேன், பாத்துக்கிட்டு வா.”

தடியால் ஈரமில்லாத பக்கத்தைத் தேடித் தட்டினாள். தடி, கால், கால். முட்டி கொதித்தது. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. உட்கார்ந்தால் தேவலை என்று உடம்பெல்லாம் கெஞ்சியது. உட்காரவில்லை.

அப்போதுதான் அவள் மேலே பார்த்தாள். வளைவில், தேர் பார்க்க மட்டும் நாற்காலி போட்டு உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்த வீரம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். பாதையோரத்துக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தாள். பள்ளத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஒரு காலைப் பின்னால் வைத்துப் பார்த்தாள். இன்னொரு காலையும் வைத்தாள்.

“அடி வடிவு, நெசமாத்தாண்டி. நோவு தெரியலடி!”

“கம்பிய விட்டுறாத! பின்னால பாத்து வையி!” என்று வடிவு கீழேயிருந்து கத்தினாள்.

வீரம்மாவுக்குப் பின் இன்னொருத்தி கம்பியைப் பிடித்தாள். பென்சன் வாங்கி வீட்டோடு முடங்கியவர்கள், மகள் தோளில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள், பாதையோரப் பந்தலிலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்ப இருந்தவர்கள் என்று ஒவ்வொருத்தியாகத் திரும்பினார்கள். ஒரு காலத்தில் காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் ஒன்றாக நின்று ஒரே மலையில் கொழுந்தெடுத்த பெண்கள், வளைந்த கால்களும் பிதுங்கிய முட்டிகளுமாகக் கம்பியோரம் வரிசை கட்டிப் பின்பக்கமாக இறங்கினார்கள். ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி கோயிலுக்கு வந்தே வருஷமாச்சுடி என்று அழுதாள். வினோஜன் தன்பாட்டில் எழுந்து, கம்பியோரம் கிடந்த தேங்காய்ச் சில்லுகளைப் பொறுக்கி எறியத் தொடங்கினான்.

மாயாண்டி கம்பியோரம் இறங்குகிற வரிசையைப் பார்த்தார், தேரைப் பார்த்தார். பிறகு மைக்கைத் தூக்கி, “பின்வடத்த நல்லா இழுத்துப் புடிங்க. பொம்பளைங்க எறங்குற வேகத்துக்குத் தேர் வரட்டும்” என்றார்.

பொழுது சாயும் நேரத்தில் தேர் ரோட்டுப் பிள்ளையாரை வந்தடைந்தது. இவ்வளவு தாமதமாக அது எந்த வருஷமும் வந்ததில்லை. சமதரையில் வடிவு திரும்பி நின்றாள். முட்டி இரண்டும் வீங்கியிருந்தன. நாளைக்கு எழுந்திருக்க முடியுமோ என்னவோ. அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். பிரதாப் தேநீர் வாங்கி நீட்டினான். நின்றுகொண்டே குடித்தாள்.

“எங்க என் பை?”

பிரதாப் வேன் கதவைத் திறந்தான். பையை எடுத்தான். ஆட்டோவில் போய்விடலாமா என்று கேட்க வாயெடுத்தவன், அம்மாவின் கை கொண்டைக்குப் போவதைப் பார்த்து மூடிக்கொண்டான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

வடிவு ஏற்றத்தில் முன்னால் போனாள். மெதுவாகத்தான் போனாள், நின்று நின்று போனாள். பங்களா வளைவுக்கு வரும்போது பின்னாலிருந்து புஸ் புஸ் என்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். லிப்டில் ஏறிப் பழகிய மகன் பையை இறக்கிவைத்துவிட்டு, இடுப்பில் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

“கஷ்டமா இருந்தா அங்கயே கொஞ்ச நேரம் உட்காருடா. நான் போய் அடுப்பப் பத்தவைக்கிறேன்” என்றாள் வடிவு.